பாரிஸ் மணிக்கு ஓடும் உடம்பு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சொந்த ஊர் காரைக்கால் பக்கம். கல்யாணமாகி ரெயூனியன் என்ற இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. சேன் தெனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. வீடு லா பொசெசியோனில். வயது 38, இரண்டு பிள்ளைகள்.

காலை 8 மணிக்கு ஆபீஸ், நடுவில் ஒரு மணி நேர இடைவேளை, மாலை 4 மணிக்கு முடிய வேண்டும். கணக்குக்கு வாரம் 35 மணி நேரம். ஆனால் எங்கள் மேலாளர் பாரிஸில் இருக்கிறார். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றியதிலிருந்து அவருடைய 4 மணி மீட்டிங் எனக்கு இரவு 7 மணி. அடுப்படி மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு காது குக்கர் விசிலுக்கு, ஒரு காது மீட்டிங்குக்கு. அது முடிந்து மெயில்களுக்குப் பதில் போட்டு எழுந்தால் 9. மதியச் சாப்பாடு கீபோர்டுக்கு முன்னால்தான். கீழே கடையில் ஒரு பார்க்கெத் (சாப்பாட்டுப் பெட்டி) வாங்கி வந்து ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் மவுஸ்.

கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை வலி. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. போன வாரம் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன், சர்க்கரை 1.14 என்று வந்திருக்கிறது. அம்மா போனில் வெந்தயம் ஊறவைத்துக் குடி என்கிறார். அக்கா யோகாவில் சேரச் சொல்கிறாள். ஆபீஸில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு பயிற்சி வைத்தார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அதை மதிய இடைவேளையில் வைத்ததால் அன்றைக்குச் சாப்பாடே இல்லை.

கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் சமாளிக்கிறார்கள். எனக்குத்தான் மனத்திடம் போதவில்லையா? தியானம் பழகலாமா, இல்லை வேலையை விட்டுவிடலாமா?

ச.

*

அன்புள்ள ச.,

நான் டாக்டர் இல்லை. இதே சேன் தெனியில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் ஓய்வு பெறும் வரை இருந்தவன். அடுத்தவர்களுடைய வேலை நேரத்தைக் கூட்டிக் கழிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பழக்க தோஷம், உங்கள் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒப்பந்தப்படி 35. கீபோர்டு முன்னால் சாப்பிடும் மதிய இடைவேளை வாரத்துக்கு 5. இரவு 7 முதல் 9 வரை வாரத்துக்கு 10. மொத்தம் 50. பிரெஞ்சுத் தொழில் சட்டம், விசேஷ அனுமதி இல்லாவிட்டால், ஒரு வாரத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 48. மனத்திடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த 50-ஐப் பற்றிப் பேசுவோம்.

அதற்கும் முன்னால் அந்த 1.14. இங்கே லேபில் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுவார்கள், நம்மூர்க் கணக்கில் அது 114. இங்குள்ள டாக்டர்கள் 1.10 வரை சரி என்பார்கள், 1.26-ஐ இரண்டு முறை தொட்டால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். இங்கிருந்து திரும்பிப் போக வழி இருக்கிறது, அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் உங்களைப் போல எல்லையில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது, இந்த இரண்டையும் இலக்காக வைத்தவர்களில் சர்க்கரை நோய்க்குப் போனவர்கள் 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 31 சதவீதம்தான் குறைந்தது. வெந்தயத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மா சொன்னால் குடியுங்கள். வெந்தயம் குடித்தாயிற்று, இனி நடக்க வேண்டியதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் இந்திய உடம்புக்கு அதிகக் குண்டாக இல்லாதபோதே சர்க்கரை வந்துவிடும். இந்தத் தீவிலும் பிரான்ஸைவிட சர்க்கரை நோய் அதிகம்.

அந்தப் பார்க்கெத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அடியில் அமுக்கி அமுக்கி வைத்த சோறு, அதன்மேல் கறியோ ருகாய் சோசீஸோ (தக்காளியில் வேகவைத்த சாசேஜ்), ஒரு கரண்டி கிரேன், ஓரத்தில் ருகாய் என்ற காரத் துவையல். இதில் கெட்டது என்று எதுவும் இல்லை. கிரேன் என்று இவர்கள் சொல்லும் மொச்சையும் பயறும் நல்ல பொருள்தான். பெட்டி நிறைந்தால்தான் காசுக்குச் சரக்கு என்று கடைக்காரர் சோற்றை அள்ளி வைக்கிறார். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுபவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. பாதிச் சோறு, இரட்டைக் கிரேன் என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார்கள். மாலையில் நாலு பொன்பொன் பிமான் வாங்கிக் கொறித்தபடி வண்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் (கடலோரச் சாலை நெரிசலில் யாருக்குத்தான் இல்லை) அதையும் கணக்கில் சேருங்கள். நம்ம ஊர் மசால்வடையின் தம்பிதான் அது.

மேசையில் சாப்பிடுவதைப் பற்றி ஒரு செய்தி. வேலை நடக்கும் அறையில் தொழிலாளர்களைச் சாப்பிட விடக்கூடாது என்று பிரெஞ்சுத் தொழில் சட்டத்தில் ஒரு விதியே இருக்கிறது. கோவிட் காலத்தில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். சின்ன நிறுவனங்களுக்கு நிபந்தனையோடு விலக்கும் உண்டு. இதைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போனால் யாராவது முறைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் ரூ தெ பரியில் மேலே ஏறினால் ழார்தேன் தெ லேத்தா பூங்கா வந்துவிடும். மத்தியான வெயிலுக்கும் அங்கே நிழல் உண்டு. சாப்பிட்ட உடனே 15 நிமிடம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கால் தசை அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதே 15 நிமிடத்தை காலையில் வெறும் வயிற்றில் நடப்பதைவிட உங்களுக்கு இதுதான் பொருத்தம், காலையில் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பவே உங்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.

இனி மனத்திடத்துக்கு வருகிறேன். 1967-ல் லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை செய்த ஆண்கள் ஏறக்குறைய 18,000 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். அதை அலசியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் மார்மட். பெரிய பொறுப்பு, பெரிய முடிவுகள், பெரிய தலைவலி, ஆகையால் மாரடைப்பும் பெரிய அதிகாரிகளுக்குத்தான் வரும் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் சாகும் விகிதம், உச்சியில் இருந்தவர்களைப் போல் சுமார் 3 மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-ல் பெண்களையும் சேர்த்து இரண்டாம் ஆய்வு ஆரம்பித்தார்கள். அதில் தெரிய வந்த காரணங்களில் ஒன்று: எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை தன் கையில் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது.

உங்கள் மேலாளருக்கும் அந்த மீட்டிங் இருக்கிறது. அவருக்கு அது மாலை 4 மணி, நேரத்தைக் குறித்தவரும் அவரே. உங்களுக்கு அது இரவு 7, யாரும் உங்களைக் கேட்கவில்லை. அவர் உங்களைவிடத் திடமானவர் என்று நினைத்துக்கொண்டு மூன்று மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர்கள் சமாளிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் உங்களைப் பற்றி வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எனக்குத் தெரிந்த மருந்து அந்த 7 மணியை நகர்த்துவது. பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ரெயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம், இங்கேயும் அது செல்லும். ஆனால் இத்தனை மணிக்கு மேல் மெயில் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நிறுவனமும் ஊழியர் தரப்பும் பேசி எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. உங்கள் நிறுவனத்தில் அப்படி எழுதிய தாள் இருக்கிறதா என்று ஊழியர் பிரதிநிதியிடம் கேளுங்கள். பல இடங்களில் அதைப் பாரிஸ் நேரத்தை மனதில் வைத்தே எழுதியிருப்பார்கள்.

அதைவிட உறுதியான பிடி இன்னொன்று இருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். இரவு 9-க்கு முடித்து காலை 8-க்குத் தொடங்குகிறீர்கள், சரியாக 11. இரவு 9:20-க்கு ஒரு மெயிலுக்குப் பதில் போட்ட நாளில் அது 10 மணி 40 நிமிடம். நீங்கள் மணிக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் ஒப்பந்தம் போட்ட காத்ர் (அதிகாரி நிலை ஊழியர்) என்றால் மேலே சொன்ன 48 உங்களுக்குப் பொருந்தாது. இந்த 11 பொருந்தும்.

இதை முதலில் மிரட்டலாக எழுத வேண்டாம். பாரிஸ்காரர்களில் பாதிப் பேருக்கு நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதே நினைவில் இருப்பதில்லை. கோடையில் 2 மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 3 ஆவது அவர்கள் கண்ணில் படாது. மேலாளருக்கு நாலே வரியில் எழுதுங்கள்: மீட்டிங் இப்போது இங்கே இரவு 7 மணிக்கு வருகிறது, பாரிஸ் நேரம் காலை 11 மணிக்கு வைத்தால் இங்கே மதியம் 2 மணி, இரு தரப்புக்கும் வேலை நேரம், அடுத்த வாரத்திலிருந்து மாற்ற முடியுமா? மெயிலாகவே எழுதுங்கள், போனில் சொன்னது காற்றோடு போய்விடும். மார்ச் கடைசியில் தானாக 6 மணியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். 6 மணியும் உங்கள் நேரம்தான்.

கழுத்து வலிக்கு நான் சந்தேகப்படுவது அந்த அடுப்படி மேசையை. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கண் கீழே போகும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் கை மேலே போகும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை ஏதாவது ஒரு டப்பாவின் மேல் ஏற்றி வையுங்கள். விரல் மரத்துப்போனாலோ கையில் பலம் குறைந்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்தாத ஒருவரும் இருக்கிறார்: மெத்சேன் து த்ரவாய், அதாவது தொழில்நல மருத்துவர். நிறுவனம் கூப்பிடும்போது மட்டும்தான் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஊழியர் தானாகவே எப்போது வேண்டுமானாலும் சந்திப்புக் கேட்கலாம். நீங்கள் சொல்வதை அவர் நிறுவனத்திடம் சொல்லக்கூடாது. நாற்காலி, திரை, வேலை நேரம் இவற்றில் மாற்றம் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் நிறுவனம் அதைப் பரிசீலித்தாக வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாளையும், எந்த நாள் எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினீர்கள் என்று இரண்டு வாரம் எழுதிய குறிப்பையும் கொண்டு போங்கள். "ரொம்ப டென்ஷன்" என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பு அவருக்கு நிறையச் சொல்லும்.

தூக்கத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. மதியம் 2-க்குப் பிறகு காப்பி வேண்டாம். 3 மணிக்கு விழித்தால் போனைத் தொட வேண்டாம், புரண்டுகொண்டே கிடக்கவும் வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள்.

தியானமும் யோகாவும் நல்லவையே, பிடித்தால் சேருங்கள். எனக்குக் கோபம் அந்த மதிய வேளைப் பயிற்சியின் மேல்தான். ஊழியரின் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டு மூச்சு விடக் கற்றுத் தருகிறார்கள்! 1860-களின் தொடக்கத்தில் நம்மவர்களை இந்தத் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்ப பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தத்திலேயே நாளுக்கு ஒன்பதரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று ஒரு வரம்பு இருந்தது. தோட்டத்தில் அதை எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு கதை.

வேலையை விடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தூங்காத மண்டையோடு எடுக்கும் முடிவு அது. ஒன்று மட்டும்: காலையில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் அழுகை வந்தால், பிள்ளைகள் பேச்சுக்கூட எரிச்சலாக இருந்தால், அன்றே உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள், விடுப்பு எழுதித் தருவார். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் 3114-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இந்தத் தீவிலிருந்தும் கிடைக்கும்.

அப்படி இல்லை என்றால், மீட்டிங் நேரத்துக்கு மெயில் இந்த வாரம், தொழில்நல மருத்துவர் இந்த மாதம். நடையையும் பாதிச் சோற்றையும் நாளைக்கே தொடங்கிவிடலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை ஒன்று இருக்கிறதே, அதை டாக்டரிடம் கேட்டு இப்போது ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை எடுங்கள். இரண்டு தாளும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், வேலையை விடுவதா வேண்டாமா என்று அப்போது பேசுவோம்.