ரிங் ரோடு வரப்போகிறதாம், சைட் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய மெட்ராஸ் சாலையில், நகருக்கு வெளியே 30க்கு 40 அடி சைட் (மனை) ஒன்று விலைக்கு வருகிறது. மூன்றே வருடத்தில் புற வட்டச் சாலை வந்து விலை இரட்டிப்பாகும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: அந்தச் சாலைக்குப் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் நில எடுப்பின் முதல் அறிவிக்கையை வெளியிட்டது 2005இல்; இறுதி அறிவிக்கை 2007இல். தும்கூர் சாலையிலிருந்து ஓசூர் சாலை வரை சுமார் 73 கி.மீ. சாலை வருவதற்குள் அதற்குப் 'பெங்களூரு பிசினஸ் காரிடார்' என்று புதுப் பெயர்தான் வந்தது. சாலைக்கென்று குறித்த எல்லைக்குள் சிக்கிய நிலத்துக்காரர்கள் கட்டவும் வழியின்றி, விற்கவும் வழியின்றி, இழப்பீட்டுக்கும் காத்துக் கிடந்தார்கள்.

ஆகவே முதலில் உங்கள் சைட் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சாலைக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். சர்வே எண்ணை வைத்து, ஆணையச் சட்டத்தின் 17ஆம் பிரிவு (முதல்), 19ஆம் பிரிவு (இறுதி) அறிவிக்கைகளில் தேட வேண்டும். மெட்ரோவுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நிலம் எடுப்பது கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியமான கே.ஐ.ஏ.டி.பி.; அதன் 28(1) (முதல்), 28(4) (இறுதி) அறிவிக்கைகளும் முக்கியம். நில உரிமை, பயிர் விவரம் காட்டும் வருவாய்த் துறைப் பதிவான பஹணியையும் விடாதீர்கள். இதற்குக் கன்னட ஆவணம் படிக்கும் வழக்கறிஞர் தேவை. தரகரே அழைத்து வருபவர் வேண்டாம்!

இனி, அந்த மூன்று வருடக் கணக்கு. பெங்களூரு மெட்ரோவையே பாருங்கள்: அதன் இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2014இல். அதில் ஒரு பகுதியான ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மஞ்சள் பாதை ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். தூணும் தண்டவாளமும் தயாரான பிறகும் ரயில் பெட்டிகள் வந்து சேரவில்லை. திறந்தபோதும் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. நிலம், நிதி, டெண்டர், பாதையில் குறுக்கிடும் குழாய்களையும் கேபிள்களையும் மாற்றுவது, கடைசியில் வண்டி: இவற்றில் எது தாமதித்தாலும் மற்றவை சும்மா நிற்கும்.

நிலம் கைக்கு வந்து, வேலையும் நடக்கிற திட்டம் என்றால் விலையில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். வெறும் அறிவிப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள். சாலை வராவிட்டாலும் குடியிருக்கக்கூடிய இடமா? பஸ், தண்ணீர், லேஅவுட் அங்கீகாரம் மூன்றும் இன்றைக்கே இருந்து, விலையும் அதற்கேற்றபடி இருந்தால் வாங்குங்கள். முன்பணம் மட்டும் சர்வே எண்ணைச் சரிபார்த்த பிறகு.