"பூச்சி ஓடுது, பார்த்துப் போ"

தங்கச்சி, உங்கள் கேள்வியை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். "நீ வந்த புதுசில் அழுதுகொண்டே கேட்டதேதான்" என்று சிரித்தார். மலேசியாவில் கிள்ளானிலிருந்து கல்யாணமாகிக் கடலூர் வந்து மூன்று மாதம், வீட்டுக்குப் பின்னாலேயே முந்திரித்தோப்பு, அதற்குள் இரண்டு தடவை பாம்பு பார்த்தாயிற்று, அடிக்கச் சொன்னால் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு "அது போயிடும், விடும்மா" என்கிறார், இங்கே எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் மலேசியாதான், பேராக்கில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். 2003-இல் இங்கே வந்தேன். கேப்பர் மலைப் பக்கம் செம்மண் பூமி, வீட்டுக்கு மூன்று பக்கமும் முந்திரி. வந்த வாரத்திலேயே மாமியார், "சாயங்காலத்துக்கு மேல தோட்டத்துப் பக்கம் பூச்சி ஓடும், பார்த்துப் போ" என்றார். நமக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட், இங்கே வீட்டுப் பின்கட்டு. பூச்சி என்றதும் கரப்பான் என்று நினைத்து, கையில் ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு போனேன்! இருட்டின பிறகு பாம்பின் பேரைச் சொல்லக் கூடாதாம், பூச்சி என்றுதான் சொல்ல வேண்டுமாம். யாரையாவது "பூச்சி கடிச்சிடுச்சு" என்று இங்கே ராத்திரியில் சொன்னால் எறும்பு, தேள் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

பாம்பு நமக்குப் புதிதில்லை. இந்த ஊர்ப் பாம்புதான் புதிது. அங்கே கற்றதை வைத்துக்கொண்டு இங்கே நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அந்த வருஷம் ஐப்பசி மழையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று படுத்திருந்தது. பருத்த உடம்பு, பழுப்பு நிறம், முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாய். சாவா, அதாவது மலைப்பாம்புக் குட்டி என்றே முடிவு பண்ணிவிட்டேன். செம்பனைக் காட்டில் அண்ணன்மார் மலைப்பாம்பைக் கோணிப்பையில் பிடித்துப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா, துடைப்பத்தால் தள்ளிவிடலாம் என்று குனிந்தேன். குக்கரில் ஆவி போகிற மாதிரி ஒரு சீற்றம், நிறுத்தாமல். நாத்தனார் ஓடிவந்து ரவிக்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கண்ணாடி விரியன். நம் மலேசியத் தீபகற்பத்தில் அது கிடையாது, சுருட்டை விரியனும் கிடையாது. அதனால்தான் நம் கண்ணுக்கு அது மலைப்பாம்பாகத் தெரிகிறது. இங்கே பருத்து, புள்ளி போட்டு, ஆளைக் கண்டும் நகராமல் கிடப்பது எதுவானாலும் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாம்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கு நஷ்டமில்லை.

நீங்கள் பார்த்தது ஆறடி நீளம், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், உங்களைக் கண்டதும் விர்ரென்று வேலிக்குள் ஓடியது என்றால் பெரும்பாலும் சாரைதான். விஷமில்லை. எலி தின்ன வருகிறது. சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும், கொம்பேறிமூக்கன் தான் கடித்தவர் எரிகிற புகையைப் பார்க்க மரமேறிக் காத்திருக்கும் என்பதும் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது கண்ணில் படாத ஒன்றுக்கு. கட்டுவிரியன். கருநீலமாய்ப் பளபளவென்று, மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும். பகலில் சாது. ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வரும். பல்லி, எலி, மற்ற பாம்பு என்று தேடிக்கொண்டு வருகிற வழியில், தரையில் படுத்திருக்கிறவர் புரண்டால் கடித்துவிடும். வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் மழைக்காலத்தில் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். விடியற்காலையில் வயிற்றுவலி. முந்தின நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. வாசலுக்கு வந்த பால்காரர்தான் "இது பூச்சிக்கடி மாதிரி இருக்கே" என்றார். நான்கு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்து பிழைத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாய் போயிற்று. எல்லோருக்கும் கட்டில், கொசுவலை, வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் சொருகிவிடுவது. கோடையில் கரண்ட் போனால் திண்ணையில் படுக்கலாம் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம் தங்கச்சி.

அப்புறம், பாம்பை விரட்டுவதைப் பற்றி யோசிப்பதைவிட எலியைப் பற்றி யோசியுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரத்தை வெட்டிக் கழிவறைச் சுவரோடு அடுக்கி வைத்தோம். விறகுக்காயிற்று என்று சந்தோஷம்தான். மூன்றே மாதத்தில் அதற்குள் எலிக் குடும்பம், பின்னாலேயே ஒரு நல்லபாம்பு. இப்போது விறகைச் சுவரிலிருந்து தள்ளி, செங்கல் மேல் பலகை போட்டு, அடி தெரிகிற மாதிரிதான் அடுக்குகிறோம். கோழித்தீவனம் தகர டப்பாவில். வீட்டைச் சுற்றி முந்திரிச் சருகைப் பெருக்கி வெறும் மண் தெரிய வைத்திருக்கிறோம். கதவின் கீழ் இடுக்கில் ரப்பர் பட்டை, குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கம்பி வலை. வாசலில் ஆகாச கருடன் கிழங்கு தொங்குகிறது, பாம்பு அண்டாது என்று மாமியார் கட்டியது. வேலியோரம் அதற்காகவே சிறியாநங்கையும் இருக்கிறது. அந்த நல்லபாம்பு சிறியாநங்கைச் செடியை உரசிக்கொண்டுதான் உள்ளே வந்தது என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. லயத்தில் நாம் தூவுவோமே கந்தகம், அதுவும் இதே கதைதான்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்ச விடாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ குச்சி வைத்து அசையாமல் செய்து, 108-க்குப் போன் செய்து, மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கிறவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். கடித்ததில் நிறைய விஷமில்லாத பாம்பு, விஷப்பாம்பும் சிலசமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடிக்கும், அதனால் அவருக்கு நல்ல பேர். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகிற வழக்கமும் இங்கே உண்டு, அதைத் தேடப்போய் இன்னொருவர் கடிபட்ட கதையும் உண்டு. தேவையே இல்லை. இந்த நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள், உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் வேலை என்று தெரிந்துவிடும். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978-இலிருந்து அவர்கள் சங்கம் இருக்கிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டிவியில் பார்த்தபோது மாமியார் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உங்கள் மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சாமி என்று விடுகிறார், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதற்காகப் புற்றில் பால் ஊற்றும்போது பாம்பு குடிக்கும் என்று நீங்களும் நம்ப வேண்டியதில்லை, எறும்புக்குத்தான் விருந்து. வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, அது எந்த மூலையில் இருக்கிறது என்று தூர நின்று ஒரு கண் வைத்துக்கொண்டு 101-ஐக் கூப்பிடுங்கள். நம் ஊரில் பொம்பா வருகிற மாதிரி இங்கேயும் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணிநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அரிசி டிரம்மைப் பார்த்துக்கொண்டே நாற்காலி மேல் நின்றேன்.

இருட்டில் டார்ச் இல்லாமல் வாசற்படி தாண்டாதீர்கள், செருப்பை உதறாமல் போடாதீர்கள். அடுத்த தடவை கிள்ளான் போனால், தோட்டத்தில் போடுவோமே முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் சப்பாத்து, அதில் இரண்டு ஜோடி வாங்கி வாருங்கள். நான் கடலூரில் தேடியபோது ஆண்கள் அளவுதான் கிடைத்தது. ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் மாமியாருக்கு. என் மாமியார் எழுபது வயதில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அதைப் போட்டுத்தான் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறார்.