சார் பேர்ல பேச்சுப்போட்டி வேண்டாம்

அன்புள்ள ஐயா,

போன மாசம் நம்ம இங்கிலீஷ் சார் தவறிட்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும்போது அவர்கிட்ட பார்ட் டூ இங்கிலீஷ் (எந்த டிகிரி எடுத்தாலும் பொதுவா படிக்கற இங்கிலீஷ் பேப்பர்) படிச்சவன். இப்ப திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். தினம் வெளிநாட்டு பையர்கிட்ட பேசறேன்னா அது சார் போட்ட பிச்சை. பழைய மாணவர்கள் சேர்ந்து வருஷாவருஷம் அவர் பேர்ல காலேஜ் பசங்களுக்கு ஆங்கிலப் பேச்சுப்போட்டி வைக்கலாம்னு இருக்கோம். நீங்க நடுவரா வரணும். எங்க வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர் "யூ லேர்ன் மீ இங்கிலீஷ் சார், மிஸ் யூ"ன்னு போட, இன்னொருத்தர் அதைத் திருத்தி சிரிப்பு பொம்மை போட்டுட்டார். முதல் ஆள் குரூப்பை விட்டே போயிட்டார். சங்கடமாப் போச்சு. இவ்வளவு தெரிஞ்ச சார் ஏன் ஒரு புத்தகம்கூட எழுதல? அப்புறம் என் பொண்ணு ஆறாவது படிக்கறா, நல்ல கிராமர் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க. (இதை முதல்ல இங்கிலீஷ்லதான் எழுதினேன், தப்பு இருக்குமோன்னு பயந்து தமிழ்ல மாத்திட்டேன், மன்னிக்கவும்.)

பேர் போட வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள தம்பி,

நடுவரா வரமாட்டேன். இதை முதல்லயே சொல்லிட்டா நீங்க வேற ஆளைப் பாக்கலாம். ஆனா பாக்கறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிருங்க, ஏன்னா சார் போனதுல இருந்து எனக்குள்ள ஓடிட்டு இருக்கறதைத்தான் உங்க கடிதம் கிளறி விட்டிருக்கு.

பயந்து தமிழ்ல மாத்திட்டேன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பையர்கிட்ட இங்கிலீஷ்ல மல்லுக்கட்டி டெலிவரி தேதியைத் தள்ளி வாங்கற ஆளு நீங்க, எனக்கு ஒரு பக்கம் எழுத உங்களுக்குக் கை நடுங்குது. வெளிநாட்டுக்காரன்கிட்ட வராத பயம் எங்கிட்ட மட்டும் ஏன் வருது? நான் இங்கிலீஷ் வாத்தியார், அதான். அவன் உங்க தப்பை எண்ண மாட்டான், சரக்கு எப்ப கப்பல் ஏறும்னு தெரிஞ்சா அவனுக்குப் போதும். எண்ணறது நாங்க. நம்ம ஊர்ல இங்கிலீஷ் வராம போனதுக்கு ஆயிரம் காரணம் சொல்வாங்க, என்னைக் கேட்டா பாதிக்குப் பாதி எங்களை மாதிரி எண்ணற ஆளுங்கதான் காரணம்.

சார் எண்ணாத வாத்தியார். உங்களுக்கு முன்னாடி எனக்கும் அவர்தான் பார்ட் டூ எடுத்தார், அப்புறம் நானே அதே டிபார்ட்மென்ட்ல வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலில உக்காந்தேன், உங்க பேட்ச் வர்றதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. வேட்டி கட்டிட்டு வர்ற இங்கிலீஷ் வாத்தியார்னு அவரைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க, இரங்கல் கூட்டத்துலயும் அதைத்தான் சொன்னாங்க. வேட்டில என்ன இருக்கு? அவர் கிளாஸ்ல என்ன பண்ணினார்ங்கறதை மேடையில ஒருத்தரும் சொல்லல.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரயில்வே டைம்டேபிள். பாடப் புத்தகத்தை மூடி வச்சுட்டு ஒரு அட்டையில டைம்டேபிளை எழுதித் தொங்கவிட்டு, சென்னையில காலைல பதினோரு மணிக்கு உனக்கு இன்டர்வியூ, மதுரைல இருந்து எந்த வண்டில போவன்னு கேப்பார். வைகைன்னு ஒருத்தன் கத்துவான். வைகை காலைல கிளம்பி எழும்பூர் போக மத்தியானம் ஆயிடுமேன்னு இன்னொருத்தன். அப்ப முந்தின ராத்திரி பாண்டியன். டிக்கெட் இல்லன்னா? திருச்சி வரைக்கும் பஸ்ல போயி அங்க ஏறலாமா? தமிழ்ல ஆரம்பிக்கும், கால்வாசி இங்கிலீஷ் ஆகும், மணி அடிக்கறதுக்குள்ள பாதி இங்கிலீஷ் ஆயிருக்கும். ஒரு பையன் எந்திரிச்சு "சார், நைட் பிஃபோர் கோ பாண்டியன்"னு சொன்னா சார் உடனே "யெஸ், யூ கோ த நைட் பிஃபோர், பை த பாண்டியன். அண்ட் தென்?"னு அடுத்த கேள்விக்குப் போயிடுவார். அவனைத் திருத்தினதே அவனுக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கறவனுக்கும் தெரியாது, அதனால சிரிக்க ஒண்ணும் கிடைக்காது.

இது சார் மூளையில திடீர்னு உதிச்சது இல்ல. 1979ல இருந்து 84 வரைக்கும் என்.எஸ். பிரபுன்னு ஒருத்தர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவர், பெங்களூர், சென்னைப் பக்கம் சில ஸ்கூல்கள்ல ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையா வச்சு நடத்தற சிலபஸே கிடையாது. மேப், டைம்டேபிள், கணக்குன்னு ஒரு வேலையைக் குடுக்கறது, முதல்ல வாத்தியார் கிளாஸ் மொத்தத்தோட பேசிப் பேசி ஒண்ணைப் போட்டுக் காட்டறது, அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணை ஒவ்வொருத்தனும் தனியாப் போடறது. மார்க் விடை சரியாங்கறதுக்குத்தான், வாக்கியம் சரியாங்கறதுக்கு இல்ல. புத்தி அர்த்தத்துல இருக்கும்போது மொழி தன்னால உள்ள இறங்கும்ங்கறது அவர் நம்பிக்கை. இன்னைக்கு உலகம் பூரா இப்படி வேலை குடுத்து மொழி சொல்லித் தர்றதை டாஸ்க் டாஸ்க்னு பேசறாங்களே, அந்தப் பேச்சு கிளம்பின முக்கியமான இடத்துல ஒண்ணு நம்ம பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல் பெஞ்சு. இது எத்தனை இங்கிலீஷ் வாத்தியாருக்குத் தெரியும்னு கேட்டுப் பாருங்க, வயிறு எரியும். கடைசில எடின்பரோல இருந்து ஆளுங்க வந்து டெஸ்ட் வச்சுப் பாத்தாங்க, அடக்கமான முடிவுதான், ஆனா மொத்தத்துல சாதகமாத்தான் இருந்துச்சு. 1987ல பிரபு அதைப் புத்தகமாக்கினார். சார் ஹைதராபாத்ல சீஃபெல்லுக்கு, அதாவது இங்கிலீஷ் வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுக்கற மத்திய நிறுவனத்துக்கு, டிப்ளமா பண்ணப் போனப்ப இதைப் பத்திக் கேள்விப்பட்டுட்டு வந்தவர். நாங்கெல்லாம் அங்க இருந்து சர்டிஃபிகேட் கொண்டு வந்தோம், அவர் பாடம் நடத்தற விதத்தையே கொண்டு வந்தார்.

பிரபுவையும் அவர் அப்படியே எடுத்துக்கல. குரூப்பா உக்கார வச்சா பசங்க ஒருத்தன் தப்பை இன்னொருத்தன் பழகிக்குவான்னு பிரபு குரூப் வேலையைத் தவிர்த்தார். எம்பது பேர் கிளாஸ்ல அது நடக்காதுன்னு சார் பெஞ்சு பெஞ்சாத்தான் குடுப்பார். நாங்க அதுக்காக ஸ்டாஃப் ரூம்ல மணிக்கணக்கா வாதாடிருக்கோம், டீ ஆறிப் போயி மேல ஆடை கட்டிரும்.

அவர் மேல புகாரும் போச்சு. இங்கிலீஷ் கிளாஸ்ல இருந்து தமிழ்ச் சத்தம் கேக்குது, சிலபஸ் முடிக்கல, பசங்க மாட்டு வண்டியில போற மாதிரி கத்தறாங்கன்னு. அப்ப இருந்த ஒரு மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சார் அமைதியா சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு: "தமிழ்ல பேசறவன் ரெண்டாவது மாசம் இங்கிலீஷ்ல பேசிருவான் சார், வாயே திறக்காதவனை நான் என்ன பண்றது?" அந்த வருஷம் அவருக்கு ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.

இப்ப உங்க குரூப்புக்கு வாங்க. "யூ லேர்ன் மீ இங்கிலீஷ்"னு எழுதினவரைத் திருத்தின அந்த மகானும் சார்கிட்ட படிச்சவராமே. என்னத்தப் படிச்சார்? செத்துப் போனவருக்கு ஒருத்தன் மனசு விட்டு ஒரு வரி எழுதறான், அதுல சிவப்பு மை ஓட்டறீங்க. எழுதினவன் என்ன சொல்ல வர்றான்னு உங்க எல்லாருக்கும் புரிஞ்சுதா இல்லையா? புரிஞ்சுது. சார் இருந்திருந்தா "அண்ட் ஹூ எல்ஸ் டிட் ஐ டீச்?"னு கேட்டுட்டு அடுத்த ஆள்கிட்ட போயிருப்பார். நீங்க, சங்கடமாப் போச்சுன்னு எங்கிட்ட எழுதற நீங்க, அந்தக் குரூப்ல ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா கடிதத்துல எழுதிருப்பீங்க. போன் நம்பர் இருக்கும்ல, முதல்ல அவருக்குப் பேசுங்க.

இதே காரணத்துக்குத்தான் பேச்சுப்போட்டியும் வேண்டாம்ங்கறேன். நான் இந்தப் போட்டிகளுக்கு நிறைய உக்காந்திருக்கேன் தம்பி. கான்வென்ட்ல படிச்சுட்டு வந்த நாலு பேரு மேடை ஏறுவாங்க, வீட்ல எழுதிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி கையை அப்படி இப்படி ஆட்டிப் பேசுவாங்க, அதுலயே ஒண்ணு ரெண்டு மூணு வந்துரும். கீழ இருநூறு பேர் கை தட்டணும். அந்த இருநூறு பேர்தான் சாரோட ஆளுங்க, நீங்க உட்பட. உச்சரிப்புக்குப் பத்து, இலக்கணத்துக்குப் பத்துன்னு நடுவர் கையில தாளைக் குடுப்பீங்க, நான் அவர் போட்டோவுக்குக் கீழ உக்காந்து தப்பை எண்ணணும். அவர் பேர்லயா?

புத்தகம் ஏன் எழுதலன்னா, எழுதல, அவ்வளவுதான். எழுதினவங்க எல்லாம் என்னத்தக் கிழிச்சோம். பொண்ணுக்கு கிராமர் புத்தகமா, கடையில எது இருக்கோ அதை வாங்குங்க, எல்லாத்துலயும் ஒரே சரக்குதான்.

பணம் சேத்திருக்கீங்கன்னா ஒண்ணு சொல்றேன். மேஜர் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணிட்டு பார்ட் டூ இங்கிலீஷ்ல ஒரே ஒரு அரியரால டிகிரி வாங்காம நிக்கற பசங்க நம்ம காலேஜ்ல இன்னும் இருக்காங்க. பஸ் கண்டக்டரா, மொபைல் கடையில, உங்க ஊர் பனியன் கம்பெனியிலயே செக்கிங்ல இருப்பாங்க, தேடிப் பாருங்க. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் சார் இவங்களைத்தான் ஞாயித்துக்கிழமை வீட்டுத் திண்ணையில உக்கார வச்சு நடத்திட்டு இருந்தார், காசு வாங்க மாட்டார், பரீட்சை ஃபீஸையும் பல பேருக்கு அவரே கட்டிருக்கார், வீட்டம்மாவுக்குக்கூட அது லேட்டாத்தான் தெரியும். அதை நீங்க எடுத்து நடத்துங்க, ஞாயித்துக்கிழமை நான் வந்து பாடம் எடுக்கறேன். யாருக்கெல்லாம் அரியர் இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டு, நவம்பர் பரீட்சைக்கு ஃபீஸ் கட்ட கடைசி தேதி எப்பன்னு காலேஜ் ஆஃபீஸ்ல விசாரிச்சுட்டு எனக்கு எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க.