பர்ஸ் திரும்பி வந்தது, அட்வான்ஸ்?

கேள்வி: வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் 18 அறை கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். மூத்த மகன் டோக்கியோவில் இருக்கிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போனபோது ரயிலில் பர்ஸை விட்டுவிட்டேன். மறுநாள் ஸ்டேஷனில் 32 ஆயிரம் யென்னும் குறையாமல் கிடைத்தது. நேர்மை அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. இளைய மகனுக்கும் அந்த ஊரைக் காட்ட ஆசை. ஆனால் கல்லாவில் அவன் இல்லாவிட்டால், பாதியில் காலி செய்துவிட்டு அட்வான்ஸ் பாக்கி கேட்டுச் சண்டை போடும் வடக்கத்திக்காரர்களைச் சமாளிக்க ஆள் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பண்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர்

பதில்: ஐயா, ரத்தப் பேச்சை முதலில் விடுங்கள். ஜப்பானில் கண்டெடுத்த பொருளுக்கென்றே சட்டம் இருக்கிறது. ரயிலிலோ கடையிலோ எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள ஊழியரிடமும், தெருவில் எடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிடமும் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் சன்மானம் கேட்கும் உரிமை போய்விடும். சன்மானம் 5 முதல் 20 சதவீதம். 3 மாதத்தில் உடையவர் வராவிட்டால் பணம் எடுத்தவருக்கே. ஊரெங்கும் 'கோபான்' என்ற சின்னப் போலீஸ் சாவடிகள் உண்டு. கீழே கிடந்த சில்லறையைக் குழந்தை கொண்டுவந்து கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நேர்மைக்கு அங்கே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் அதில் நடந்து பழகியிருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். 'அட்வான்ஸ் பாக்கி' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாக்கி என்றால் அது அவர்கள் பணம். தன் பணத்தைக் கேட்பவர் சண்டைக்காரரா? வடக்கத்திக்காரர்கள் என்று ஒதுக்கிப் பேசுகிறீர்களே, டோக்கியோ ரயிலில் நீங்கள் யார்?

நாள் வாடகை 500 என்று வையுங்கள். 10 நாளுக்கு 5,000 வாங்கிவிடுகிறீர்கள். நாலாம் நாள் டாக்டர் ஊருக்குப் போகலாம் என்கிறார், இல்லை வார்டில் சேர்க்கிறார். சில சமயம் நோயாளியே போய்விடுகிறார். கவுன்டரில் வந்து நிற்கும் அந்த அம்மாவின் ஒரு கையில் ஸ்கேன் படம் வைத்த பை, மறு கையில் அறைச் சாவி. சாவியை வாங்கிக்கொண்டு 3,000 ரூபாயை வைத்துக்கொள்ள எப்படி மனசு வருகிறது?

உங்கள் மகன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அட்வான்ஸும் வாடகையும் ஒரே கல்லாவில் விழுவதுதான் கோளாறு. கரன்ட் பில், லாண்டரி, தண்ணீர் லாரி, சம்பளம் எல்லாம் அதிலிருந்தே போகிறது. திருப்பிக் கேட்கும்போது கல்லா காலி. உடனே 'முதலாளி ஊரில் இல்லை' என்று வாயில் பொய் வருகிறது. தினம் அந்தப் பொய்யைச் சொல்லும் நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்தது நீங்கள். பண்பு சொல்லிக்கொடுப்பது அப்பன் வேலை, அதை ஜப்பான்காரரிடம் விடாதீர்கள்.

10 நாள் அட்வான்ஸை இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை நாள் ஆகும் என்று முதல் நாள் டாக்டருக்கே தெரியாது, ஹவுராவிலிருந்து வந்து காட்பாடியில் இறங்கியவருக்கு எப்படித் தெரியும்? 2 நாள் வாடகை வாங்குங்கள், 2 நாளுக்கு ஒருமுறை வசூலியுங்கள். அட்வான்ஸுக்குத் தனிப் பெட்டி, தனி நோட்டு. அவர் தங்கி முடித்து அது வாடகையாகும்வரை டீச்செலவுக்குக்கூட அதில் கை வைக்கக் கூடாது. ரசீதில் நாள் வாடகை, வந்த நேரம், வாங்கிய தொகை மூன்றும் இருக்கட்டும். சொல்லாமல் காலி செய்தால் ஒரு நாள் வாடகை பிடிப்பீர்கள் என்றால், அதை வங்காள மொழியிலும் இந்தியிலும் போர்டில் எழுதி, பணம் வாங்கும் முன்பே காட்டுங்கள். வாங்கிய பிறகு காட்டுவது நிபந்தனை இல்லை, தந்திரம். பங்களாதேஷிலிருந்து வந்தவருக்கு ஊர் போனபிறகு ஜிபேயில் அனுப்ப முடியாது. அவர் ஆட்டோவில் ஏறுமுன் ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டும்.

அறையில் மறந்துவிட்டுப் போகும் ரிப்போர்ட், எக்ஸ்ரே, சார்ஜருக்கும் இதே கணக்குத்தான். கவரில் போட்டு அறை எண், தேதி எழுதி அன்றைக்கே போன் செய்யுங்கள். உங்கள் பர்ஸை எடுத்தவருக்கு உங்கள் முகம்கூடத் தெரியாது. உங்களிடமோ ரிஜிஸ்டரில் இவர்களுடைய போன் நம்பரும் அடையாளச் சான்றும் இருக்கின்றன.

இளையவனுக்கு டோக்கியோ டிக்கெட் அப்புறம் எடுக்கலாம். இந்த வருஷ ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்கள். பாதியில் காலி செய்தவர் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் பாக்கியை எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து பேருக்காவது அனுப்புங்கள், கல்லாவில் இல்லையென்றால் உங்கள் சேமிப்பிலிருந்து. போனை மேனேஜரிடம் தள்ளிவிடாதீர்கள். மகன் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பாஷை தெரியாது என்பான். வங்காள மொழியில் 'டாக்கா ஃபெரோத்' என்றால் போதும், பணம் திரும்ப என்று அர்த்தம். கவுன்டரில் நின்று அவர்கள் அவனிடம் தினம் கேட்டதும் அதைத்தான்.