எல் சால்வடாரில் மிஷனரிப் பெண்கள் ஏன் கொல்லப்பட்டார்கள்?

அகதிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோன நான்கு அமெரிக்கப் பெண்கள் மேல் அரசுப் படைக்கு அப்படி என்ன பகை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மத்திய அமெரிக்காவில் உள்ள அந்தச் சிறிய நாட்டின் நிலத்தில் இருந்து தொடங்க வேண்டும். காப்பித் தோட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களின் கையில் இருந்தன. 'பதினான்கு குடும்பங்கள்' என்றே மக்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அறுவடைக் கூலிதான் வாழ்வு. 1968-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் இந்த வறுமையை அநீதி என்றே அழைத்தார்கள். அப்புறம் விவசாயிகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து பைபிள் வாசித்து, தங்கள் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். பயம் பிறந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். தானம் கொடுப்பவர் மேல் எந்த முதலாளிக்கும் கோபம் வராது. ஏழையைச் சமமாக உட்காரவைத்துப் பேசுபவர் மேல் வரும்.

1980 மார்ச் 24 அன்று, ஏழைகளுக்காகப் பேசிவந்த அந்நாட்டுப் பேராயர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றும்போதே சுடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 2 இரவு, விமான நிலையத்திலிருந்து திரும்பிய அருட்சகோதரிகள் இட்டா ஃபோர்ட், மோரா கிளார்க், டோரதி கேசல் மூவரையும், 27 வயது ஜீன் டோனவனையும் அரசின் தேசியக் காவல் படையினர் கடத்திக் கொன்றார்கள். 1984-இல் அப்படையைச் சேர்ந்த ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

ஜீன் துறவி இல்லை. விரும்பினால் ஊர் திரும்பியிருக்கலாம். போய்விடலாம் என்று பலமுறை நினைத்ததாகவும், அங்கிருந்த குழந்தைகளை விட்டுவர மனம் இல்லை என்றும் தோழிக்கு எழுதியிருந்தார்.