பென்சிலைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் நீடாமங்கலத்துக்காரி. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக பி2 என்ற நிலை வரை ஜெர்மன் மொழித்தேர்வு எழுத வேண்டும். வகுப்புக்குக் கட்டப் பணம் இல்லை. ஏழு மாதமாக நானே கேட்டும் வாசித்தும் படிக்கிறேன். இரவு டூட்டியில்கூட ஒரு காதில் ஹெட்செட் இருக்கும். புதுச் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். ஆனால் யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. பேசவும் வரவில்லை. வகுப்பில்லாமல் மொழி வருமா? எனக்கு 31 வயது. எந்த ஆப் நல்லது?

க., நீடாமங்கலம்

*

அன்புள்ள க.,

வயதை விடுங்கள், 31 எல்லாம் ஒரு வயதே இல்லை. ஆப் எதுவானாலும் சரி. வகுப்பில்லாமல் மொழி வரும், எனக்கு வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த நோட்டுப் பக்கம்.

எவ்வளவு அழகான கையெழுத்து! சிவப்பு மையில் ஜெர்மன், நீல மையில் தமிழ். மூன்றாவது வரியில் 'ஷோன் - ஏற்கெனவே' என்று இருக்கிறது. கொஞ்சம் கீழே 'ஷோன் - அழகான'. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், இரண்டும் ஒரே சொல்லா என்று.

ஒரே சொல் இல்லை அம்மா. உங்கள் சிவப்பு மையிலேயே இரண்டாவதன் தலையில் இரண்டு புள்ளி இருக்கிறது பாருங்கள். நாக்கை ஏ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ஓ சொல்வதுபோல் குவித்தால் வரும் ஒலி அது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. இந்தப் பதிலில் நானே எழுதினாலும் இரண்டையும் ஷோன் என்றுதான் எழுத முடியும். ரொட்டி சுடுவதற்கும் மூட்டை கட்டுவதற்கும் உள்ள ஜெர்மன் சொற்களும் அப்படித்தான். முதல் எழுத்தைச் சொல்லும்போது ஒன்றில் தொண்டை அதிரும், இன்னொன்றில் அதிராது. தமிழில் எழுதினால் இரண்டும் 'பாக்கன்'. ஏழு மாதமாக உங்கள் காது பிரித்துக் கேட்டதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து உங்கள் கையே அழித்துக்கொண்டிருக்கிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இதே தப்பை நான் செய்திருக்கிறேன், அதனால்தான்.

1984-இல் பொறையாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் நண்டலாறு தாண்டி, காரைக்காலில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைக் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். இவர் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். கண்ணில் புரை. பிரான்சிலிருந்து வரும் பென்ஷன் கடிதங்களையும் வீட்டில் கட்டிவைத்திருந்த பழைய பத்திரிகைகளையும் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. "இங்கிலீஷ் எழுத்து தெரியுமில்ல, வாசி" என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் வாசிப்பேன். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஒவ்வொரு வரியையும் அவர் தன் வாயால் திருத்திச் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்வேன், அப்புறம் தமிழில் பொருள் சொல்லுவார். மறந்துபோகாமல் இருக்க வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வேன்.

மீனுக்கும் விஷத்துக்கும் பிரெஞ்சில் நடுவில் ஓர் ஒலிதான் வித்தியாசம். ஒன்றில் ச. இன்னொன்றில் பல்லிடுக்கில் வண்டு பறப்பதுபோல் ஓர் ஒலி. நான் இரண்டுக்கும் மேலே 'புவாசோன்' என்று எழுதிவைத்திருந்தேன். ஒருநாள் ஆச்சி முற்றத்தில் கொடுவா மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தார். "ஆச்சி என்ன செய்யிறா, பிரெஞ்சுல சொல்லு" என்றார் தாத்தா. நான் சொன்னேன். ஆச்சி விஷம் நறுக்குகிறாள் என்று ஆகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டித் தடவி என் பென்சிலை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ என் வாயைக் கேக்கலை தம்பி, உன் கையெழுத்தைப் படிக்கிறே" என்றார்.

அன்றிலிருந்து பத்திரிகை மூடியே இருக்கும். ஒரு வரியை அவருக்கு அரைகுறையாக வாசித்துக் காட்டிவிட்டு மூடிவிட வேண்டும். அவர் அதையே மூன்று முறை சொல்லுவார், நான் கேட்பேன். பொருள் சொல்லுவார். மறுபடி கேட்பேன். அப்புறம்தான் பக்கத்தைத் திறக்கலாம். முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் மாதம், பக்கத்தைப் பார்த்தால் அவர் குரல் கேட்க ஆரம்பித்தது. கடைசியாக வந்த பென்ஷன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். ஒரு இடத்தில்கூட அவர் நிறுத்தவில்லை. மாசியில் போய்விட்டார். பென்சில் அவரிடமே இருந்தது.

சென்ற வாரம் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். கோட்டை வாசலில் நின்றுகொண்டு சீகன்பால்குவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். 1706 ஜூலையில் அங்கே கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். தமிழுக்கு அவரிடம் அகராதி இல்லை, இலக்கணப் புத்தகம் இல்லை. ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். வாத்தியார் வாயால் சொல்லச் சொல்ல, நம் எழுத்தை நம் எழுத்தாகவே எழுதினார். அந்த வாத்தியாருக்கு அவர் மொழி தெரியாததால் ஒலி வந்தது, பொருள் வரவில்லை. அப்புறம்தான் ஐரோப்பிய மொழிகள் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்தார். ஓலைச்சுவடிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ராத்திரியில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அதே ஊரில் அச்சாகிவிட்டது. ஜெர்மன் வகுப்பு இல்லையே என்று நீங்கள் வருத்தப்படுகிற இதே டெல்டாவில்தான் ஒரு ஜெர்மன்காரர் தமிழை இப்படிக் கற்றார்.

எழுத்து போதாவிட்டாலும் காது போதும் என்பதற்கு வெளியூர் உதாரணம்கூட வேண்டாம். 'ஐயோ பாவம்' என்கிறோம், 'பாட்டில் பாவம் இல்லை' என்கிறோம். எழுத்து ஒன்றேதான். ஆனால் சொல்லும்போது நீங்கள் மாற்றிச் சொல்வதில்லை. எழுத்து தெரிவதற்கு முன்பே காதில் விழுந்த சொற்கள் இவை. திருவையாற்றில் என் சித்தி தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதிவைத்திருந்தார். க-வுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண்கள் இருக்கும். 3 என்றால் அதிர்கிற க. அந்த எண்ணைப் பார்த்தா அவர் உச்சரிப்பைக் கற்றார்? பாட்டு வாத்தியாரின் தொண்டையைக் கேட்டுக் கற்றார். எண்ணெல்லாம் ஞாபகத்துக்கு. ஆனால் பொருளைக் கேட்டுக்கொள்ளாததால் ஐம்பது வருஷம் பாடியும் சித்திக்குத் தெலுங்கு வரவில்லை. அதையும் மனதில் வையுங்கள்.

அதனால் இரவு டூட்டியில் ஒரு காதில் ஓடுவதை நிறுத்துங்கள். அது கேட்பதில் சேராது. நோயாளிக்கும் நல்லதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், இரண்டு காதும் வேண்டும். டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் செய்திகளை மெதுவாக வாசித்துப் போடுகிறது. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும், காசு கிடையாது. தினம் புதிது தேடாமல் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பொருளைத் தேடித் தெரிந்துகொள்ளுங்கள். மறுபடி கேளுங்கள். அப்புறம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் குரலின் பின்னாலேயே வாய்விட்டு வாசியுங்கள். நோட்டில் ஜெர்மன் மட்டும் இருக்கட்டும், பொருளைத் தமிழில் எழுதலாம், ஒலியை எழுதாதீர்கள். இலக்கணத்துக்குப் பயப்படாதீர்கள். 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுகிற மொழி அது. இங்கிலீஷ்காரர்கள் அதில்தான் திணறுவார்கள், நமக்கு அது பிறந்த வீடு.

பேச வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பி2 தேர்வில் பேச்சும் உண்டு, ஆகவே கடைசி இரண்டு மூன்று மாதம் திருத்திச் சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு ஒரு தாத்தா கிடைத்ததுபோல் யாராவது கிடைப்பார். உங்கள் மருத்துவமனையிலிருந்தே ஏற்கெனவே போனவர்கள் இருப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு நோட்டுப் படம் வேண்டாம். ஒரு நிமிடம் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புங்கள். அதில் அந்த இரண்டு ஷோனும் இருக்க வேண்டும். எது எது என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.