ஆய்வேட்டில் பிறர் கருத்தை மறுப்பது எப்படி? – வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: 'முன் ஆய்வுகள்' இயலில் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பற்றி எழுதிவிட்டேன். "இது நூலகப் பட்டியல் மாதிரி இருக்கிறது, உன் மதிப்பீடு எங்கே?" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து திருத்துவது?
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருநெல்வேலி

நூலுக்கு ஒரு பத்தி என்று எழுதியிருப்பீர்கள். பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒருவர் 1904இல் இதைச் சொன்னார், இன்னொருவர் 1956இல் அதைச் சொன்னார் என்று ஆண்டு வரிசையில் அடுக்கினால், அவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முட்டிக்கொள்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எழுதும் உங்களுக்குமே தெரியாது.

முதலில் ஒரு தாளில் ஐந்து நெடுவரிசைகளுக்குக் கோடு போடுங்கள். ஆசிரியர் எழுப்பும் கேள்வி, அவர் காட்டும் சான்று, சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் வழி, முடிவு, பக்க எண். மூன்றாவது நெடுவரிசையை நிரப்பும்போதுதான் கை நிற்கும். பல நூல்களில் அந்த வழியை ஆசிரியர் எழுதியே இருக்கமாட்டார். நாம் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். மதிப்பீட்டுக்கான விஷயம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. முப்பது நூலையும் இப்படிப் பிரித்த பிறகு, ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னவர்களை ஒன்றாகச் சேர்த்து இயலை அந்தக் கேள்விகளின் வரிசையில் எழுதுங்கள். எந்தக் குழுவிலும் சேராத நூல்கள் சில மிஞ்சும். அவற்றை அடிக்குறிப்புக்கு அனுப்பலாம், தயங்க வேண்டாம்.

கேள்வி: விமர்சி, விமர்சி என்கிறார்கள். ஒருவருடைய வாதத்தில் எந்த இடத்தில் கை வைப்பது? ஓர் எடுத்துக்காட்டு சொல்லி விளக்குங்களேன்.
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

தமிழாய்வில் எல்லோருக்கும் பழக்கமான கயவாகு வாதத்தையே எடுத்துக்கொள்வோம். சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த வேந்தர்களில் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு'வும் ஒருவன் என்கிறது சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கஜபாகு என்றொரு மன்னனைச் சொல்கிறது. அவனுடைய காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. கயவாகுவும் இவனும் ஒருவரே, ஆகவே செங்குட்டுவன் காலமும் அதுவே என்பது வாதம். வி. கனகசபை 1904இல் வெளியிட்ட நூலில் இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்தினார். பின்னர் வந்த பலரும் சங்க காலக் கணிப்புக்கு இதையே நங்கூரமாகக் கொண்டார்கள்.

"இந்த வாதம் ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரே வரியில் எழுதினால் அதை மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாதம் எத்தனை காலில் நிற்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒன்று, காப்பியம் சொல்லும் கயவாகு முதலாம் கஜபாகுதான். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் கஜபாகு அல்ல. இரண்டு, அவன் வந்ததாகக் காப்பியம் சொல்வது நடந்த நிகழ்ச்சி. மூன்று, இலங்கை அரசர்களின் ஆட்சியாண்டுக் கணக்கு நம்பத்தக்கது. இனி ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்க்கலாம்.

முதலாவது உறுதியானது; காப்பியத்தை 12ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக யாரும் முன்வரமாட்டார்கள். மூன்றாவதில் சிறு ஆட்டம் உண்டு. முதலாம் கஜபாகுவின் ஆட்சியைச் சில பட்டியல்கள் கி.பி. 114–136 என்றும், சில 171–193 என்றும் தருகின்றன. 57 ஆண்டு வேறுபாடு. ஆனால் இரண்டும் ஒரே நூற்றாண்டுக்குள் அடங்குவதால் வாதம் விழுந்துவிடாது. பலவீனமானது இரண்டாவதுதான். கஜபாகு பத்தினி வழிபாட்டுக்காகச் சேரநாடு போனதாக மகாவம்சத்தில் ஒரு சொல்கூட இல்லை. சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் செங்குட்டுவனைப் பாடும் பரணர், தம் பாடல்களில் கண்ணகியைப் பற்றிப் பேசவில்லை. 'கடவுட் பத்தினிக் கற்கோள்' என்ற குறிப்பு, அந்தப் பத்துக்குரிய, பிற்காலத்தில் சேர்ந்ததாகக் கருதப்படும் அறிமுகப் பாட்டான பதிகத்தில்தான் வருகிறது. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1970இல் எழுதிய கட்டுரையில் கை வைத்ததும் இந்த இரண்டாவது காலில்தான்: கஜபாகு பற்றிய கதைகளை வரலாறாகக் கொள்ள முடியாது, அவை தொன்மம் என்றார்.

மறுப்பு இத்தோடு முடிவதில்லை, மீதி என்ன நிற்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். கரூர் மாவட்டம் புகலூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையைச் சொல்கிறது. 1960களில் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இவர்களைப் பதிற்றுப்பத்தின் இரும்பொறை மரபோடு இணைத்துக் காட்டினார். கயவாகு வாதம் உடைந்தாலும் சங்கச் சேரர்கள் வரலாற்று மனிதர்கள் என்பது உடையவில்லை. அதற்குத் தனிச் சான்று இருக்கிறது. அதே சமயம் இந்தக் கல்வெட்டில் செங்குட்டுவன் பெயர் இல்லை. எனவே கண்ணகி கோயில் நிகழ்ச்சிக்கு இதைத் துணைக்கு இழுக்கவும் கூடாது. மறுத்தது எவ்வளவு, மறுக்காதது எவ்வளவு என்று இந்த அளவுக்குக் கோடு கிழித்தால், எதிர்த்தரப்பு ஆய்வாளரும் உங்கள் பத்தியைப் பொறுமையாகப் படிப்பார்.

கேள்வி: பெரிய அறிஞர் ஒருவரை மறுக்க வேண்டியிருக்கிறது. "நீ யார் அவரைச் சொல்ல" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஆய்வாளர், திருச்சி

இலக்கண நூலான நன்னூலின் பாயிரம் (முன்னுரைப் பகுதி) நூலுக்குரிய ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளைச் சொல்கிறது. உடன்படல், மறுத்தல் இரண்டும் முதலில் வருகின்றன; 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' என்பதும் 'பிறர்நூற் குற்றம் காட்டல்' என்பதும் அந்த ஏழில் உண்டு. தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணரை, பின்வந்த உரையாசிரியர் சேனாவரையர் மறுத்த மரபு நம்முடையது. மறுப்பதில் தவறே இல்லை, முறைதான் வேண்டும்.

'மதமேற்கொண்டு களைதல்', அதாவது பிறர் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லிப் பிறகு நீக்குதல், என்பதை அப்படியே செயல்முறையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் வாதத்தை அவரே படித்தாலும் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். அவருடைய வலுவான சான்றை விட்டுவிட்டு இளைத்த சான்றை மட்டும் எடுத்து அடிப்பது நேர்மையில்லை, தேர்வாளர் உடனே பிடித்துவிடுவார். பத்து வரிப் பத்தியில் நான்கு வரி அவர் வாதம், நான்கு வரி உங்கள் சோதனை, இரண்டு வரி உங்கள் நிலை என்று வைத்துப் பாருங்கள், அளவு தானாக அமைந்துவிடும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'நிறுவியுள்ளார்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மறுத்தால் நீங்களே உங்களோடு முரண்படுகிறீர்கள். மறுக்கப்போகும் கருத்துக்கு 'கருதுகிறார்', 'வாதிடுகிறார்' போதும்.

உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை பல பழைய நூல்களைப் பிற்காலத்தவை என்று கணித்தபோது, தமிழுக்குப் பகைவர் என்றே அவரைச் சாடியவர்கள் உண்டு. அந்தச் சாடலால் ஒரு நூலின் காலம்கூட ஓர் ஆண்டு முன்னே நகரவில்லை. அவர் சான்றாகக் காட்டிய சொல்லாட்சிகளையும் இலக்கண வடிவங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தவர்களின் எழுத்துதான் இன்றும் பயன்படுகிறது. இன்னொன்று, ஒருவர் எழுதிய காலத்தில் கிடைக்காத சான்றை வைத்து அவரைக் குறை கூறக்கூடாது. புகலூர்க் கல்வெட்டுப் படிப்பு 1904இல் கனகசபை கையில் இல்லை. "பின்னர் கிடைத்த சான்றின்படி இது மாறுகிறது" என்று எழுதுங்கள். "அவர் கவனிக்கத் தவறினார்" என்று எழுதாதீர்கள்.

பழைய உரையாசிரியர்களைப் போலப் பெயர் சொல்லாமல் "என்பாரும் உளர்" என்று விடுவது மட்டும் இன்று செல்லாது. யார், எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது வேண்டும்.

கேள்வி: நான் மறுக்க வேண்டியது என் நெறியாளரின் கருத்தையே. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாதவர், மதுரை

இயலை முழுதாக எழுதி நீட்டுவதற்கு முன், அந்த ஒரு பத்தியை மட்டும் தனியாக எழுதி அவரிடம் காட்டுங்கள். "ஐயா, இந்த இடத்தில் உங்கள் சான்றிலிருந்து எனக்கு வேறு முடிவு வருகிறது, சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். சான்று புதிதாக இருந்தால் பெரும்பாலானோர் ஏற்பார்கள். ஏற்காவிட்டால் இரு கருத்தையும் பக்க எண்ணோடு அருகருகே வைத்து, உங்கள் காரணத்தை மட்டும் அடக்கமாகச் சொல்லுங்கள். அச்சில் வந்ததை மட்டுமே மறுக்க வேண்டும். வகுப்பில் வாய்மொழியாகச் சொன்னதை ஆய்வேட்டுக்குள் கொண்டுவரக்கூடாது.

கேள்வி: மூலநூல் கிடைக்கவில்லை. வேறொருவர் அதிலிருந்து எடுத்த மேற்கோளை வைத்து விமர்சிக்கலாமா? மேற்கோள் அதிகமானால் ஒப்புமைச் சதவீதம் ஏறிவிடுமா?
– எம்.ஏ. மாணவர், சேலம்

மூலத்தைப் பார்க்காமல் மறுக்காதீர்கள். எடுத்தாண்டவர் முன்னும் பின்னும் வெட்டியிருப்பார். 'ஒருவேளை', 'இப்போதைக்கு' போன்ற சொற்கள்தான் முதலில் காணாமல் போகும். தயங்கிச் சொன்ன ஒருவரை அடித்துச் சொன்னவராக்கி மறுத்துக்கொண்டிருப்பீர்கள். வேறு வழியே இல்லையென்றால் "இன்னாரால் எடுத்தாளப்பட்டது" என்று வெளிப்படையாகக் குறித்து, தகவலாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒப்புமை (உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு) பற்றி: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், அதற்கான கெடு 6 மாதத்தைத் தாண்டாது. உரியவர் பெயரோடு தந்த மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் மேற்கோள் குறி விடுபட்டால் மென்பொருள் அதை உங்கள் எழுத்தாகவே எண்ணும். சொந்த நடையில் சுருக்கியதற்கும் பக்க எண் கொடுங்கள். நாலைந்து சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அதைச் சுருக்கம் என்று சொல்ல முடியாது. மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நூலில் நிறைய அச்சுப்பிழை, ஆண்டுப்பிழை கண்டேன். மதிப்புரையில் எல்லாவற்றையும் எழுதலாமா?
– விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

முடிவைப் பாதிக்கும் பிழையை மதிப்புரைக்குள் எழுதுங்கள். கல்வெட்டின் ஆண்டு தவறி, அதன்மேல் காலவரிசையே கட்டப்பட்டிருந்தால் அதற்கு ஒரு பத்தி முழுவதும் கொடுக்கலாம். வெறும் எழுத்துப் பிழைகளுக்கு ஒரு வரி போதும். முழுப் பட்டியலைப் பக்கம், வரி, திருத்தம் என்று எழுதி ஆசிரியருக்குத் தனியே அனுப்புங்கள், அடுத்த பதிப்புக்கு உதவும்.